லிஃப்டுக்குள் ஒரு கல்வெட்டு

அத்தியாயம் 14

பரசுராமன் திருவள்ளூர் ஸ்டேஷன் ரோட்டில் கட்டியது ஒரே ஒரு கட்டிடம்தான். ஆனால் முகப்பில் ‘பரசுராமன் பில்டிங்ஸ்’ என்று எழுதி வைத்திருந்தார். ஒருமையில் எழுதினால் ஒரு ரைஸ்மில் முதலாளியின் அந்தஸ்துக்குக் காணாது என்பது அவர் அபிப்பிராயம்.

நாலு மாடி. ஐந்தாவதுக்கும் இருக்கட்டும் என்று மொட்டை மாடியில் கம்பிகளை நீட்டி விட்டிருந்தார். கீழ்த்தளத்துக்கு ஜவுளிக்கடை வந்தது. முதல் மாடிக்குப் பல் டாக்டர் வந்தார். நாலாவது மாடிக்கு மட்டும் ஆள் வரவில்லை. படியேறிப் போய்ப் பார்த்தவர்கள் எல்லோரும் காற்று அருமையாக வருகிறது என்று பாராட்டினார்கள். பிறகு கீழே இறங்கிப் போய் வேறு தெருவில் இடம் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகவேதான் லிஃப்ட்.

அந்த நாலாவது மாடியைத்தான் மகள் செண்பகம் கேட்டாள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். அம்பத்தூரில் பாக்டரிகள் பெருகிவிட்டன, கும்மிடிப்பூண்டிப் பக்கம் இடம் அளக்கிறார்கள், பாக்டரி வந்தால் ஆபீஸ் வரும், ஆபீஸ் வந்தால் டைப் அடிக்க ஆள் வேண்டாமா, ஓர் இன்ஸ்டிட்யூட் வைத்தால் என்ன என்பது அவள் வாதம். பரசுராமனிடம் இதற்குப் பதில் வாதம் எதுவும் இல்லை. பொன்னேரி வரன் ஒன்றுதான் இருந்தது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, பெயர் நாகமுத்து. செண்பகம் போட்டோவைக்கூடப் பார்க்க மறுத்துவிட்டாள்.

போன அத்தியாயத்தில், சாப்பாட்டு நேரத்தில் அப்பாவும் மகளும் போட்ட பந்தயம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. எம்பார் சுவாமி குறித்துக் கொடுத்த நல்ல நேரம் பத்தரை வரைதான். அதற்கு மேல் ராகு காலம். கம்பெனிக் காகிதத்தில் எழுதியிருக்கிறபடி ஆறு பேரைச் சுமந்துகொண்டு லிஃப்ட் பத்தரைக்குள் நாலாவது மாடியில் போய் நின்றால், அந்த மாடி செண்பகத்துக்கு. நிற்கவில்லையென்றால் பொன்னேரிக்கு அவள் மறுபேச்சில்லாமல் தலையாட்ட வேண்டும். இதற்குத் தாய் மணியம்மாள் சாட்சி. சாட்சி அப்போது மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு லிஃப்ட் என்பது தரையில் கிடந்த இரும்புச் சாமான்கள். எனவே பரசுராமன் தைரியமாகப் பந்தயம் கட்டினார். ஆனால் திங்கட்கிழமையே செண்பகம் ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது. மதராஸ் கம்பெனி அனுப்பிய ஃபிட்டர் தேசப்பன், மில்லிலிருந்து நெல் மூட்டைகளை வரவழைத்து, ஆறு பேர் கனத்துக்கு லிஃப்டுக்குள் அடுக்கி, நாலு மாடிக்கும் ஏற்றி இறக்கிக் காட்டினான். மூட்டைகள் சௌகரியமாகப் பிரயாணம் செய்தன. அதன் பிறகு, கம்பெனியில் கடைசிக் காகிதங்களில் கையெழுத்து வாங்கி வருவதற்காக அவன் மூன்று நாள் மதராஸ் போனான்.

பரசுராமனைப் போன்றவர்களுக்கு மூன்று நாள் என்பது ஏராளம்.

*

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு தேசப்பன் லிஃப்டின் மடக்குக் கதவைத் தள்ளித் திறந்தான். உள்ளே கால் வைக்கப் போனவன், வைக்காமல் நின்றுவிட்டான்.

எதிர்ச்சுவரில் ஒரு கருங்கல். மூன்றடி அகலம், நாலடி உயரம், மூன்று விரற்கடை கனம். இரும்புப் பட்டை போட்டு, நாலு போல்ட் வைத்து முறுக்கியிருந்தது. கல் முழுக்கத் தங்க வர்ணத்தில் எழுத்து:

‘ரைஸ்மில் அதிபரும், கல்விப் புரவலரும், தேர்த் திருப்பணிக் குழுவின் முன்னாள் துணைச் செயலாளரும், ஸ்டேஷன் ரோடு வியாபாரிகள் சங்கத்தின் நிரந்தர உறுப்பினருமாகிய உயர்திரு பரசுராமன் அவர்களின் பெருமுயற்சியால் நிறுவப்பெற்ற இம்மின்தூக்கி...’

அதற்குக் கீழே இன்னும் பதினோரு வரி இருந்தது. கல்விப் புரவலர் என்பது ஒரு பள்ளிக்கூடத்துக்கு மணி வாங்கிக் கொடுத்த வகையில் கிடைத்தது.

திறப்பு விழாக் கல்வெட்டை ஊரார் எல்லோரும் வெளிச்சுவரில்தான் பதிக்கிறார்கள். பரசுராமன் அதை யோசித்துப் பார்த்தார். வெளிச்சுவர் என்றால் ஒரே மாதத்தில் மேலே சினிமா போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். ஒட்டாவிட்டாலும் தெருவில் போகிறவன் நின்று படிக்க மாட்டான். லிஃப்டில் ஏறுகிறவன் அப்படி இல்லை. அவன் ஓடவும் முடியாது, உட்காரவும் முடியாது. எதிரே இருப்பதைப் படித்துத்தான் ஆக வேண்டும். நாலு மாடி போவதற்குள் பதினாறு வரியும் படித்து முடிக்கலாம் என்று மேஸ்திரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கணக்குப் பார்த்தும் வைத்திருந்தார்.

செண்பகம் தலைக்குக் குளித்த ஈரம் காயாமல் ஓடி வந்தாள். வந்தவளும் கல்லைப் பார்த்து நின்றாள்.

“இன்னாம்மா இது” என்றான் தேசப்பன். “நான் இன்னும் மிஷினயே ஒப்படைக்கல. அதுக்குள்ள ரெண்டாளு உள்ள ஏறி நின்னுக்கினு கீது.”

“கல்லுதானேண்ணே?”

அவன் பையிலிருந்து டேப் எடுத்துக் கல்லை அளந்தான். உதடு அசைய மனக்கணக்குப் போட்டான். நூற்றைம்பது கிலோ என்றான். பிறகு அவளுக்குப் புரிகிற மாதிரி விஷயத்தைச் சொன்னான். உச்சியில் ஒரு கப்பி. அதன்மேல் கயிறு. கயிற்றின் ஒரு முனையில் இந்தப் பெட்டி, மறுமுனையில் இரும்புக் கட்டிகள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சரிசமமாக இருந்தால்தான் மோட்டாருக்கு இழுக்கத் தெம்பு இருக்கும். திங்கட்கிழமை அவன் பார்த்துப் பார்த்துக் கட்டி போட்டது பெட்டிக்கு. கல்வெட்டுக்கு அல்ல.

“எங்க பழவேற்காட்டுல படவு ஆறு பேரு தாங்கும்னா ஆறு பேருதான். நடுவுல ஒரு பாறாங்கல்லத் தூக்கி வெச்சிட்டு, அப்பறமும் ஆறு பேரு குந்துவேன்னா படவு இன்னா பண்ணும்?”

“அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு கட்டி போட்டா?”

“போடலாம். மதராஸ்லேர்ந்து வரணும். ஒரு வாரம் ஆவும்.”

செண்பகம் கடியாரத்தைப் பார்த்தாள். அவளிடம் இருந்தது ஒரு வாரம் அல்ல, மூன்றரை மணி நேரம்.

*

வீட்டில் பரசுராமன் ரிப்பன் வெட்டும் ஒத்திகையில் இருந்தார். மணியம்மாள் ஒரு பாவாடை நாடாவின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள். மறுமுனை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. அவர் கத்தரிக்கோலை எடுத்து, போட்டோவுக்காக ஒரு விநாடி நின்று, பாதிச் சிரிப்பாகச் சிரித்து, வெட்டாமலே கத்தரிக்கோலைத் திருப்பி வைத்தார். இது ஏழாவது தடவை என்று மணியம்மாள் மகளிடம் கண்ணாலேயே தெரிவித்தாள்.

செண்பகம் விஷயத்தைச் சொன்னாள். கல் இருந்தால் நாலு பேர்தான் போகலாம், ஆறு பேர் போக முடியாது என்றாள். பரசுராமன் பாதிச் சிரிப்பைக் கலைக்காமலே கேட்டார். ஆயிரக்கணக்கில் மூட்டை அரைக்கிற மோட்டாரெல்லாம் தனக்குத் தெரியும் என்றார். ஒரு கல்லுக்குப் பயப்படுகிற மிஷினை மதராஸ்காரன் தன் தலையில் கட்டியிருக்க மாட்டான் என்றார். அப்படியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிடத்துக்குப் புறப்பட்டார்.

போய் லிஃப்டுக்குள் தன்னந்தனியாக ஏறி நின்றார். தேசப்பன் பொத்தானை அமுக்கினான். லிஃப்ட் வெண்ணெய் மாதிரி மேலே போயிற்று. நாலாவது மாடியில் நின்றது. திரும்பி வந்தது. பரசுராமன் அதற்குள் கல்வெட்டை இரண்டு தடவை படித்துவிட்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“பாத்தியா?” என்றார்.

“உங்க ஒருத்தருக்குப் போவும் மொதலாளி” என்றான் தேசப்பன். “நாலு பேருக்கும் போவும். ஆறுக்கு நவுராது.”

“ஒரு ஆளு போனா ஆறு ஆளும் போவும். மிஷினுக்கு எண்ணத் தெரியுமாய்யா?”

இதற்கு ஒரு பதில் இருந்தது. எண்ணத் தெரியாது, எடை போடத் தெரியும். தேசப்பன் அதை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தான். பரசுராமன் கம்பெனிக்கு டிரங்கால் போடுவேன் என்றார். தாராளமாகப் போடுங்கள் என்றான் அவன். உயிருக்கு ஒன்றும் ஆகாது, கனம் மிஞ்சினால் ரிலே தட்டி மோட்டாரை நிறுத்திவிடும், லிஃப்ட் இருந்த இடத்திலேயே இருக்கும், அவ்வளவுதான் என்றான். கல்லைப் பற்றி விருந்தாளிகள் முன்னால் மூச்சு விடக்கூடாது என்று உத்தரவிட்டுவிட்டுப் பரசுராமன் வெளியே நடந்தார்.

செண்பகம் அவர் பின்னாலேயே போனாள். படிக்கட்டருகில் மறித்துக்கொண்டாள்.

“நான் தோக்கணும்னுதானே நைனா அத வெச்சிக்கினு கீற?”

பரசுராமன் நிஜமாகவே திகைத்துப் போனார். அந்த முகத்தில் பாதிச் சிரிப்பும் இல்லை, முழுச் சிரிப்பும் இல்லை.

“அடிப் போடி. அத்தினி பேரு எதிர்ல லிஃப்ட் நின்னா மானம் போறது எனக்கா, உனக்கா?”

அது உண்மை என்று செண்பகத்துக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் சூது கொஞ்சமும் இல்லை. பந்தயத்தில் ஜெயிக்கவும் ஆசை, லிஃப்ட் போகவும் ஆசை. இரண்டும் ஒன்றாக நடக்காது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. சூது செய்கிற மனிதனிடம் சண்டை போடலாம். இவரை என்ன செய்வது?

*

ஒன்பதரைக்கு நாதஸ்வரம் தொடங்கியது.

சிறப்பு விருந்தினர் யதிராஜன் வந்து இறங்கினார். ஓய்வு பெற்ற தாசில்தார். ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு ஓய்வே கிடையாது. சுற்று வட்டாரத்தில் கிணற்று மோட்டார் போட்டாலும் அவர்தான் சுவிட்சைத் தட்ட வேண்டும். இன்றைய பேச்சுக்காகப் பதினாறு பக்கம் எழுதி வந்திருந்தார். ஆதி மனிதன் மரமேறியதில் ஆரம்பித்து அவர் எட்டாவது பக்கத்துக்கு வந்தபோது மனிதன் இன்னும் மாட்டு வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தான். நேரமாகிறது என்று எம்பார் சுவாமி தொண்டையைச் செருமினார்.

பொன்னேரிக்காரர்கள் வாடகை அம்பாசிடரில் வந்தார்கள். முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் தகப்பனார். இறங்கின வேகத்தில் காரின் மறுபக்கம் ஓடிக் கதவைத் திறந்து பிடித்தார். அதிலிருந்து செல்லியம்மாள் இறங்கினாள். காரின் ஸ்பிரிங்குகள் நிம்மதியாக மேலே எழும்பின. நல்ல சரீரம். அதைவிட நல்ல சிரிப்பு. கடைசியாக, ஒரு கம்பத்தைக் காரிலிருந்து உருவுவது போல நாகமுத்து வெளியே வந்தான். செண்பகம் அவனைப் பார்க்கக் கூடாது என்று இருந்தாள். ஆனால் அவன் உயரத்துக்கு அவனைப் பார்க்காமல் இருப்பது சுலபமாக இல்லை.

செல்லியம்மாள் நேரே லிஃப்டிடம்தான் போனாள். தனக்கு முட்டிவலி, பத்துப் படி ஏறினால் பத்து நாள் படுக்கை, பொன்னேரி ஸ்டேஷன் மேம்பாலத்தில்கூட ஏறியதில்லை, உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை என்று தேசப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இது எதில் தொங்குகிறது, கயிறு எத்தனை, அறுந்தால் என்ன பிடிக்கும் என்று கேட்டாள். அவன் சொல்லச் சொல்ல வாயில் விரலை வைத்துக்கொண்டாள். ஒன்றரை மாதமாக அந்தக் கட்டிடத்தில் வேலை பார்த்த தேசப்பனிடம் அந்தக் கேள்விகளை முதன்முதலாகக் கேட்டது அவள்தான்.

பத்து மணி ஐந்து நிமிஷம். ரிப்பன் வெட்டப்பட்டது. பாதிச் சிரிப்பு எதிர்பார்த்தபடி வந்தது.

ஆறு பேர் ஏறினார்கள். யதிராஜன், பரசுராமன், மணியம்மாள், செல்லியம்மாள், அவள் கணவர். பொத்தானருகில் தேசப்பன். செண்பகம் வெளியே நின்றாள். எதிர்ச்சாரி நகைக்கடையில் தொங்கிய கடியாரம் அவளுக்கு நேரே தெரிந்தது. தேசப்பன் அவளை ஒரு தரம் பார்த்தான். கதவை இழுத்து மூடினான். கெட்டிமேளம் முழங்கியது.

லிஃப்ட் உறுமியது. மேலே எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. உறுமல் நின்றது.

இரண்டாவது தடவையும் அப்படியே. நாதஸ்வரக்காரர் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தவில்காரர் கூட்டத்துக்குப் பின்னால் இருந்ததால் இன்னும் சிறிது நேரம் உற்சாகமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

தேசப்பன் கதவைத் திறந்தான். கனம் மிஞ்சுகிறது, இரண்டு பேர் இறங்கினால் போதும் என்று பணிவாகச் சொன்னான்.

யாரும் இறங்கவில்லை. யதிராஜன், சிறப்பு விருந்தினரே இறங்கினால் அது சிறப்பாக இருக்காது என்று பொதுவாகக் கூரையிடம் சொன்னார். பரசுராமன், கட்டிடமே தன்னுடையது என்கிற மாதிரி நின்றார். பொன்னேரித் தகப்பனார், அழைத்து வந்து இறக்கிவிடுவது எந்த ஊர் மரியாதை என்று யோசிப்பவர் போல் இருந்தார். மரியாதை பற்றி யோசிக்காத மணியம்மாள் மட்டும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கி, மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஐந்து பேர். கதவு மூடியது. லிஃப்ட் ஒரு விரற்கடை எழும்பியது. எழும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டது.

“இன்னும் ஒருத்தர்” என்றான் தேசப்பன்.

அப்போதுதான் அது நடந்தது. யதிராஜன் செல்லியம்மாளைப் பார்த்தார். பரசுராமன் செல்லியம்மாளைப் பார்த்தார். ஜவுளிக்கடை வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பரசுராமன் சமாளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, கனம் ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது என்றார்.

செல்லியம்மாளின் சிரிப்பு போய்விட்டது. நாகமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவு உயரத்திலிருந்து குனிந்ததால் அது எல்லோருக்கும் தெரிந்தது.

அவள் இறங்கினால் லிஃப்ட் கிளம்பும். செண்பகத்துக்கு அது நிச்சயமாகத் தெரியும். மிச்சம் நாலு பேர்தானே. அது கிளம்புகிற அந்த விநாடியில், திருவள்ளூர் லிஃப்டை நிறுத்தியவள் பொன்னேரி செல்லியம்மாள்தான் என்று முடிவாகிவிடும். அந்த அவமானத்தோடு போகிறவர்கள் பெண் கேட்டுத் திரும்பி வர மாட்டார்கள். பந்தயம் தோற்றாலும் சம்பந்தம் தானாகவே முறிந்துவிடும். மாடி போகும், மாப்பிள்ளையும் போவார். செண்பகம் வாயைத் திறக்காமல் சும்மா நின்றால் போதும்.

செல்லியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டியில் கை வைத்து, இறங்குவதற்குக் காலை எடுத்தாள்.

“அம்மா, நீங்க எறங்காதீங்க” என்றாள் செண்பகம்.

கூட்டம் திரும்பியது.

“உங்க கனம் இல்ல. திங்கக்கெழம இதே லிஃப்ட்டு ஆறு பேரு கனத்த தூக்கிக்கினு மேல போச்சு. பின்னால திரும்பிப் பாருங்க. எங்க நைனா கல்லு வெச்சிக் கீறாரு. அது மட்டும் ரெண்டு ஆளு கனம்.”

பரசுராமன் மகளைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதுவதற்கில்லை. பார்க்க வேண்டிய முகத்தை அவர் பிறகுதான் பார்த்தார். செல்லியம்மாள் அதற்குள் திரும்பி, கல்வெட்டில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

“ரைஸ்மில் அதி...பரும். கல்விப் புர...வலரும்.”

நிதானமாகப் படித்தாள். ஒன்றையும் விடவில்லை. முன்னாள் துணைச் செயலாளருக்கு வந்தபோது கூட்டம் முழுக்க அவளோடு சேர்ந்து படித்துக்கொண்டிருந்தது. நிரந்தர உறுப்பினரைத் தாண்டியதும் விரலை எடுத்தாள்.

“அதிபர் ஒருத்தரு, புரவலர் ஒருத்தரு, செயலாளர் ஒருத்தரு, உறுப்பினர் ஒருத்தரு” என்று விரல் விட்டு எண்ணினாள். “நாலு பேரு முன்னாடியே ஏறி நின்னுக்கினா நாங்க எப்பிடிண்ணே போறது?”

ஸ்டேஷன் ரோடே சிரித்தது. பல் டாக்டர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். எம்பார் சுவாமி மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். தாசில்தார் மட்டும் கம்பீரமாகவே நின்றார். குலுங்கிய தோள்பட்டை மட்டும் அவரைக் காட்டிக்கொடுத்தது.

பரசுராமன் கல்லைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

“பத்தேகால்” என்றாள் மணியம்மாள்.

அவர் ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டார். பட்டுச் சட்டையின் கையை மடித்தார்.

“கழட்டு தேசப்பா.”

தேசப்பனின் ஸ்பேனர் ஏற்கெனவே கையில்தான் இருந்தது. முதல் இரண்டு போல்ட் சுலபமாக வந்தது. மூன்றாவதை மேஸ்திரி, முதலாளி கல் என்கிற பக்தியில் முறுக்கித் தள்ளியிருந்தான். பத்து பத்தொன்பது ஆயிற்று. மண்ணெண்ணெய் ஊற்றித் திருகினான். பத்து இருபத்திரண்டில் அது அசைந்தது. உள்ளே இருந்தவர்கள் வெளியே ஒதுங்க, மில் ஆட்கள் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். நாலாவது மூலைக்கு ஆள் இல்லை. பரசுராமனே போய்க் கை கொடுத்தார்.

தூக்கியதும் அவர் கண் பிதுங்கியது.

“இவ்ளோ கனமாடா இது?” என்றார்.

வாழ்நாளில் முதல் தடவையாகத் தம் பட்டங்களைத் தாமே சுமந்தவராக, அவர் நாலு அடி வைத்து அதைப் படிக்கட்டோரம் சாய்த்தார். அதைத் தூக்கி எறிய வேண்டாம் என்று செல்லியம்மாள் ஆறுதல் சொன்னாள். மாடிப்படியின் முதல் திருப்பத்தில் வைக்கலாமே என்றாள். படியேறுகிறவர்கள் அங்கே மூச்சு வாங்க நிற்பார்கள், நின்றால் படிப்பார்கள். இந்த யோசனை பரசுராமனுக்கு உடனே பிடித்துவிட்டது. எத்தனையாவது படி என்று கேட்கக்கூட ஆரம்பித்தார். மணியம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து லிஃப்டுக்குள் தள்ளினாள்.

பத்து இருபத்தாறு. அதே ஆறு பேர். கதவு மூடியது.

லிஃப்ட் உறுமவில்லை. ஒரு சின்ன முனகல், அவ்வளவுதான். எழும்பியது. செல்லியம்மாளின் தலை, தோள், சேலைக் கரை, கடைசியில் மெட்டி போட்ட பாதம் என்று வரிசையாக மேலே மறைந்தது. “யம்மாடி” என்று ஒரு குரல் மட்டும் மேலிருந்து இறங்கி வந்தது.

செண்பகம் படிக்கட்டில் பாய்ந்தாள். லிஃப்ட் நாலாவது மாடியில் நிற்பதைத் தன் கண்ணால் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. இரண்டு இரண்டு படியாக ஏறினாள். இரண்டாவது மாடி திரும்பும்போதுதான் பின்னால் இன்னொரு காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க நேரமில்லை. மூன்றாவது மாடியில் அந்தச் சத்தம் பின்தங்கியது. நாலாவது மாடியில் அவள் கால் வைத்தபோது லிஃப்டும் வந்து நின்றது. இரண்டும் ஒரே சமயம். தேசப்பன் கதவைத் தள்ளினான். மணியம்மாள் முதலில் வெளியே வந்து, எதிரே நின்ற மகளின் கன்னத்தை ஒரு கிள்ளு கிள்ளினாள். கீழே கெட்டிமேளம் மறுபடி புறப்பட்டது. ராகு காலத்துக்கு இன்னும் மூன்று நிமிஷம் பாக்கி.

பரசுராமன் வெளியே வந்தார். தோற்றுவிட்டோம் என்பது அவருக்கு மூன்றாவது மாடியிலேயே தெரிந்திருக்கும். அதற்கு மேல் இருந்த ஒரு மாடி தூரம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. கையை உயர்த்தினார். இந்த நாலாவது மாடியில் தம் மகள் செண்பகம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஒன்றை நடத்த வேண்டும் என்பது தமது நெடுநாளைய கனவு என்றும், அதற்காகவே இந்த லிஃப்டைத் தாம் நிறுவியதாகவும் சிறப்பு விருந்தினரிடம் மகிழ்ச்சியுடன் அறிவித்தார். யதிராஜன் கை தட்டினார். செண்பகம் மறுக்கவில்லை. மாடி கிடைத்தால் கனவு யாருடையதாக இருந்தால் என்ன?

செல்லியம்மாள் யார் பேச்சையும் கேட்கவில்லை. ஜன்னலில் முழங்கையை ஊன்றி நின்றிருந்தாள். கீழே கோபுரம், குளம், அரக்கோணம் பக்கம் கரும்புகையோடு போகிற ரயில். கணவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். பிறகு அவள் திரும்பி, செண்பகத்தை அருகே வரச்சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எறங்காதீங்கன்னு ஒரு வார்த்த சொன்ன பாரு” என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லத் தெரியாமல், “இங்க இன்னா சொல்லிக் குடுக்கப் போற?” என்று கேட்டாள்.

செண்பகம் சொன்னாள்.

செல்லியம்மாளின் முகம் விளக்குப் போட்டது போல ஆயிற்று. தாலுகா ஆபீஸில் மகன் டைப் பாஸ் செய்தால்தான் மேல் உத்தியோகம், மூன்று வருஷமாகச் சொல்லியும் அவன் கேட்கவில்லை, பொன்னேரியில் சொல்லிக் கொடுக்கிறவர் கோபக்காரர் என்று சாக்குச் சொல்கிறான் என்றாள். கல்யாணப் பேச்சு அது பாட்டுக்கு இருக்கட்டும், அதற்கு அவசரமில்லை. முதலில் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிக்கட்டும்.

“மொதப் பேரு எம் புள்ளயுது. எழுதிக்கோ. தெனம் பஸ் ஏறி வருவான்.”

மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்ல செண்பகத்திடம் ஏழெட்டுக் காரணங்கள் தயாராக இருந்தன. மாணவன் வேண்டாம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. இன்ஸ்டிட்யூட் வைப்பதாகச் சொன்னதே அவள்தான். மணியம்மாள் ரொம்ப அக்கறையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் தலை வந்தது, வெகு நேரம் கழித்து மீதி ஆள் வந்தான். நாகமுத்து கடைசிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றான். சட்டை நனைந்திருந்தது. மூச்சுக்கு நடுவே தாயைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், பிறகு செண்பகத்தைப் பார்த்துச் சிரித்தான். அது அப்படியே செல்லியம்மாளின் சிரிப்பு.

இனி இது தன் மாடி, தானே பேச வேண்டும் என்று செண்பகம் குரலைச் சரிசெய்துகொண்டாள்.

“காலைல பேட்ச்சா, சாயங்கால பேட்ச்சா?”

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். நாலு மாடி மூச்சு வாங்கியதில் சத்தம் வரவில்லை. இரண்டு விரலைக் காட்டினான்.

“ரெண்டுமா? அப்ப ஆபீசுக்கு யாருடா போறது?” என்றாள் செல்லியம்மாள்.